சொன்னது சொன்னபடி

"இனி என் முகத்தில் விழிக்காதே" என்று சீறிவிட்டுப் போனார் கிருஷ்ணதேவராயர். மறுநாள் தெனாலிராமன் தலையில் ஒரு பானையைக் கவிழ்த்துக்கொண்டு அரசவையில் வந்து உட்கார்ந்தான். கேட்டால், உத்தரவை இம்மி பிசகாமல் நிறைவேற்றியிருக்கிறேன் என்றான். ராயர் சிரித்துவிட்டார், கோபம் போயிற்று. பாட்டிக்குப் பாட்டி பானை சட்டியாகும், அவன் செய்த குற்றமும் வேறாகும். கதையின் எலும்பு மட்டும் மாறுவதில்லை.

நாலு வரிக் கதைதான். ஆனால் மரபுத்தொடரை அதன் நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டு சிரிப்பு மூட்டும் உத்தியை எடைபோட, இதைவிட நல்ல படிக்கல் கிடைப்பது கடினம். அதன் செய்நேர்த்தியைப் பாருங்கள். 'முகத்தில் விழித்தல்' என்ற தொடருக்கு நேர்ப்பொருள் தமிழில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பஸ்ஸைத் தவறவிட்டு, பர்ஸையும் தொலைத்தவன் "இன்னிக்கு யார் முகத்துல முழிச்சேனோ" என்று அலுத்துக்கொள்கிறான். ராயர் சொன்னதன் வழக்குப்பொருளோ வேறு: கண் காணாமல் ஒழிந்து போ. ராமன் இரண்டாவதை ஒதுக்கிவிட்டு முதலாவதை எடுத்துக்கொள்கிறான். சொல்லில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் உத்தரவு போட்டவரே தன் உத்தரவுக்கு முன்னால் விழிக்கிறார். ராமன் இதைப் பேச்சாகச் சொல்லவில்லை, செய்து காட்டுகிறான் என்பது அடுத்த சிறப்பு. பானை கண்ணுக்குத் தெரிகிற பொருள், விளக்கவுரை வேண்டாம். கடைசியாக, இடம் அரசவை. வேடிக்கை பிசகினால் தலை உருளும். (இங்கே மரபுத்தொடருக்கும் நேர்ப்பொருளுக்கும் நடுவே இடைவெளி அதிகமில்லை.)

குறை? ராயர் சிரித்த கையோடு கதை முடிந்துவிடுகிறது. சொல்லில் ஓட்டை இருப்பது தெரிந்தது. அதில் ஒருவரும் விழவில்லை. ராயரின் பெருந்தன்மை எல்லாரையும் காப்பாற்றிவிடுகிறது. நகைச்சுவைத் துணுக்காக இது முழுமையானது. கதையாகப் பார்த்தால் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது.

இந்த உத்தியைச் சிலேடையோடு சேர்த்துக் குழப்புவது நம் பட்டிமன்ற மேடைகளின் பழக்கம். இரண்டும் வேறு. காளமேகம் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் வைத்தால் இரண்டும் கடைசி வரை சமமாக நிற்கும். பாம்பு எள்ளைத் துரத்தாது. தண்டியலங்காரம் செம்மொழிச் சிலேடை, பிரிமொழிச் சிலேடை என்று பிரிப்பதெல்லாம் அந்தச் சமநிலையை எட்டும் வழிகளைத்தான். நாம் பேசும் உத்தியில் சமநிலையே கிடையாது. ஒரு பொருள் மற்றதை இடித்துத் தள்ளிவிட்டு அதன் நாற்காலியில் உட்காருகிறது. சிலேடையில் சாமர்த்தியம் சொல்பவருடையது. இங்கே சொல்பவர் அப்பாவி. காரியத்தைச் செய்வது கேட்பவரின் காது.

அப்படியானால் கேட்கிறவர் ஏன் அப்படிக் கேட்கிறார் என்பதுதான் திறனாய்வாளர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி. இதற்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை விட்டு வெளியே போகத் தேவையில்லை. நகை பிறக்கும் இடங்களாக அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கைச் சொல்கிறது. தெனாலிராமனுடையது எள்ளல்: வழக்குப்பொருள் தெரிந்தே தெரியாதவன்போல் நடிக்கிறான். இளமைக்கு எங்கள் பக்கத்து வீடே சாட்சி. மருத்துவமனையிலிருந்து இரவில் வந்த போனைக் கேட்டுவிட்டுப் பாட்டி "வயித்துல புளியைக் கரைக்குது" என்றார். ஐந்து வயதுப் பேத்தி நேரே அடுப்படிக்குப் போய்ப் புளிப்பானையைத் திறந்து பார்த்துவிட்டு வந்து, "புளி அப்படியேதான் இருக்கு பாட்டி" என்று ஆறுதல் சொன்னாள். பேதைமை வெறும் அறியாமை. நான்காவதான மடன்தான் நுட்பமானது. பிறர் கற்றுக்கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு, பிடித்ததை விடாமல் இருப்பது மடம் என்று உரைமரபு விளக்கும். மட்டமான அறிவல்ல அது, வளையாத அறிவு. இந்த நான்கில் எதுவும் இல்லாமல் ஒரு பாத்திரம் மரபுத்தொடரை நேர்ப்பொருளில் கேட்டால், கேட்டது பாத்திரமல்ல, ஆசிரியர்தான் என்று முடிவுகட்டலாம்.

அண்மையில் ஒரு சபாவில் பார்த்த நாடகம் இதற்கு நல்ல எதிர்மறை உதாரணம். வியாபாரத்தில் நொடித்துப்போன கணவன் வீட்டுக்கு வந்து, "உங்க அப்பா என் காலை வாரிட்டார்" என்கிறான். மனைவி, "எண்ணெய் தடவி வாரினாரா, சும்மா வாரினாரா?" என்கிறாள். அரங்கில் கைதட்டல். நானும் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மனைவி எம்.ஏ. படித்தவள் என்று பத்து நிமிடத்துக்கு முன்புதான் சொன்னார்கள். அவள் கணவனைக் கேலி செய்கிறாளா என்றால் அதுவும் இல்லை. அடுத்த வரியிலேயே பதறுகிறாள். ஆக, அந்த வேடிக்கையைச் சொல்ல அந்த வீட்டில் ஆளே இல்லை. சொன்னதால் எதுவும் நடக்கவுமில்லை. அந்த வரியைக் கத்தரித்து வேறு நாடகத்தில், வேறு மனைவியின் வாயில் ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும். எங்கும் ஒட்டுகிற வரி எந்த இடத்துக்கும் உரியதல்ல. இதைத்தான் கல்லூரி விடுதிகளில் 'கடி' என்று சரியாகப் பெயரிட்டார்கள்.

தொடரைத் தேர்ந்தெடுப்பதிலும் தரம் உண்டு. எல்லா மரபுத்தொடரும் இந்த வேலைக்கு உதவாது. 'டிமிக்கி கொடுத்தான்' என்பதை நேர்ப்பொருளில் எடுக்க முடியாது; டிமிக்கி என்று ஒரு பண்டம் எந்தக் கடையிலும் இல்லை. 'கம்பி நீட்டினான்' என்பதிலும் எந்தக் கம்பி, எதற்கு நீட்டினான் என்ற நினைவு இன்று நமக்கு இல்லை, நேர்ப்பொருள் செத்துப்போனது. 'காக்கா பிடித்தல்' இடைப்பட்ட இனம். அது கால் கை பிடித்தல் என்பதன் மருவு என்பார்கள். நகைச்சுவை எழுத்தாளர்களோ காக்காயையே பிடிக்கக் கிளம்புவார்கள், பாதி பலன் கிடைக்கும். ஆனால் 'தண்ணி காட்டுதல்' புதையல். நகரத்தில் அதற்குப் பொருள் ஏய்த்து அலையவைப்பது. கிராமத்தில் அது அன்றாட வேலை: "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்துடறேன்" என்று சொல்லாத வீடு உண்டா? "அவன் போலீஸுக்கே தண்ணி காட்டினவன்" என்று ஊருக்குப் புதிதாக வந்த அதிகாரி சொல்ல, அதைக் கேட்கும் மாட்டுக்காரர் "பாவம், தாகமா இருந்திருப்பாங்க" என்று நினைத்தால், அங்கே கேட்பவர் மடையரல்ல. அவருடைய தமிழும் முழுத் தமிழ்தான். இரண்டு வாழ்க்கைகள் ஒரே தொடரில் முட்டிக்கொள்கின்றன. இத்தகைய தொடரைத் தேடிப் பிடிப்பதில் பாதித் திறமை அடங்கியிருக்கிறது. மீதிப் பாதி, அந்த முட்டலிலிருந்து கதையை எங்கே கொண்டுபோவது என்பதில்.

அந்த மீதிப் பாதியைப் பார்க்க வீரமாமுனிவரிடம் போகவேண்டும்.

'பரமார்த்த குருவின் கதை'யைச் சிறுவர் நூல் அலமாரியில் வைத்துவிட்டோம்; பெரியவர்கள் அதைத் திரும்ப எடுப்பதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்டு, 1822இல் பெஞ்சமின் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சானது. ஐரோப்பாவிலிருந்து வரும் பாதிரிமார்கள் பேச்சுத் தமிழைப் பழகிக்கொள்ள உதவும் வாசகமாகத்தான் வீரமாமுனிவர் என்ற பெஸ்கி இதை எழுதினார். லத்தீன் பெயர்ப்பும் அவரே செய்தார். இந்தப் பின்னணியை முன்னுரைகளில் எழுதிவிட்டு அப்படியே கடந்துபோகிறோம். எனக்கு இது கதையின் சாவியாகவே படுகிறது. புது மொழியைக் கற்கிறவன் எல்லாவற்றையும் நேர்ப்பொருளில் கேட்பவன். அகராதி கையில் இருக்கிறது, வழக்கு கையில் இல்லை. 'கை நீளம்' என்றால் அவன் முழம் போட்டுப் பார்ப்பான். தன் நூலைப் படிக்கப்போகும் வாசகனின் நிலையையே கதாபாத்திரங்களின் நிலையாக ஆக்கியிருக்கிறார் பெஸ்கி.

சீடர்கள் ஐவர்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். தொல்காப்பியர் சொன்ன பேதைமையும் மடனும் பெயர்ச்சொல்லாகி வேட்டி கட்டிக்கொண்டு நடப்பதைக் கவனிக்கலாம். நூலின் உச்சம் குதிரைக் கதை. குரு குதிரைமேல் போகிறார். மரக்கிளை இடித்துத் தலைப்பாகை விழுகிறது. சீடர்கள் எடுத்திருப்பார்கள் என்று நம்பிக் கொஞ்ச தூரம் போனபின் கேட்கிறார். "அது அங்கேயே கிடக்கிறதே, நீங்கள் எடுக்கச் சொல்லவில்லையே" என்கிறார்கள். விழுவதையெல்லாம் எடுக்கவேண்டாமா என்று திட்டுகிறார். ஒரு சீடன் ஓடிப்போய்த் தலைப்பாகையை எடுக்கிறான். திரும்பி வரும்போது குதிரை சாணம் போடுகிறது. அதையும் தலைப்பாகையில் ஏந்திக்கொண்டுவந்து பயபக்தியோடு நீட்டுகிறான். விழுவதையெல்லாம் எடுக்கச் சொன்னீர்களே! இனி இந்த விபரீதம் வேண்டாம் என்று, எவையெவை விழுந்தால் எடுக்கலாம் என்பதற்கு ஓலையில் ஒரு பட்டியல் எழுதிக் கொடுக்கிறார் குரு. பிறகு குதிரை இடறி, குருவே பள்ளத்தில் விழுகிறார். சீடர்கள் ஓலையை எடுத்து வாசிக்கிறார்கள். தலைப்பாகை விழுந்தால் எடுக்க, எடுத்தாயிற்று. வேட்டி விழுந்தால் எடுக்க, எடுத்தாயிற்று. பட்டியல் முடியும்போது குரு மட்டும் உடம்பில் துணியில்லாமல் பள்ளத்தில் கிடக்கிறார். அவர் பெயர் பட்டியலில் இல்லை. எவ்வளவு கெஞ்சியும் பயனில்லை. கடைசியில் பள்ளத்தில் கிடந்தபடியே ஓலையை வாங்கி, தானும் விழுந்தால் எடுக்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்தபின்தான் தூக்குகிறார்கள்.

தெனாலிராமன் கதையோடு இதை ஒப்பிட்டால் வளர்ச்சி தெரியும். ராமன் கதையில் ஒரு சொல், ஒரு திருப்பம். இங்கே மூன்று படிகள். ஒவ்வொரு படியிலும் சீடன் சொன்னதைச் சொன்னபடி செய்கிறான். ஒவ்வொரு படியிலும் விலை ஏறுகிறது: முதலில் தலைப்பாகை, அடுத்து அருவருப்பு, கடைசியில் மானம். முக்கியமாக, ஒரு படியின் தவறைத் திருத்த குரு போடும் புதிய கட்டளைதான் அடுத்த படியின் தவறை உண்டாக்குகிறது. கதையை ஓட்டுவது சீடரின் முட்டாள்தனமல்ல, குருவின் திருத்தம். 'விழுவதையெல்லாம்' என்று சொன்னபோது அவர் மனதில் இருந்தது 'நம் உடைமையில் விழுவதையெல்லாம்'. அடைப்புக்குள் இருந்த அந்தச் சொல்லை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. நாமும் அன்றாடம் சொல்வதில்லை. பேச்சு என்பதே பாதியைச் சொல்லாமல் விடும் ஏற்பாடு என்பதை ஓர் இலக்கண நூல் சொல்வதைவிடத் தெளிவாக இந்தச் சாணம் சொல்லிவிடுகிறது. (கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவர்கள் இந்தக் கதையைப் படித்துச் சிரிக்கமாட்டார்கள், பெருமூச்சு விடுவார்கள்.)

கண்டிப்பாகச் சொல்லவேண்டிய குறைகளும் உண்டு. நூல் முழுக்க இந்தத் தரத்தில் இல்லை. பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி வாங்கும் கதை பேதைமையோடு நின்றுவிடுகிறது. அங்கே மொழி வேலை செய்யவில்லை, ஏமாளித்தனம் மட்டுமே. தங்களை எண்ணும்போது ஒவ்வொருவரும் தன்னை விட்டுவிட்டு எண்ணும் பகுதியும் அப்படியே. ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை நீட்டிச் சோதிக்கும் கதை நடுத்தரம்: ஆறு சீறுகிறது, ஊர் உறங்குகிறது என்று நாம் பேசும் உருவகத்தை நம்பிக்கையாகவே எடுத்துக்கொள்வதில் ஓர் அழகு உண்டு. ஐந்து சீடர்களுக்குள் வேற்றுமை காண்பது அரிது. மட்டி சொன்னதை மூடன் சொல்லியிருந்தாலும் ஒன்றும் குடிமுழுகாது. மடத்தையும் குருவையும் கேலிப்பொருளாக எடுத்துக்கொண்டதில் பாதிரியாரின் கண் தெரியத்தான் செய்கிறது. ஆனால் கடைசிக் கதை இந்தக் கணக்கையெல்லாம் நேர்செய்துவிடுகிறது. உட்காரும் இடம் குளிர்ந்தால் குருவின் உயிர் போகும் என்று ஒருவர் விளையாட்டாகச் சொன்ன வாக்கைப் பிடித்துக்கொண்டு, மழையில் நனைந்து குளிர்ந்த குருவை இறந்தவராகவே பாவித்துக் காரியத்தை முடித்துவிடுகிறார்கள். சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு உயிரே விலை. நகைச்சுவை நூல் ஒன்றை இவ்வளவு ஈவிரக்கமில்லாமல், இவ்வளவு தர்க்கசுத்தமாக முடித்தவர்கள் நம்மிடம் குறைவு.

இதே உத்தியைத் தலைகீழாகத் திருப்பியவர் தேவன். 'துப்பறியும் சாம்பு'வில் சாம்பு உளறுவது வெறும் உளறல்தான். கேட்கும் இன்ஸ்பெக்டர் கோபாலன் அதற்குள் ஆழ்ந்த பொருள் இருப்பதாக எடுத்துக்கொள்கிறார், குற்றவாளி பிடிபடுகிறான். பெஸ்கியின் சீடர்களுக்கு உட்பொருள் கேட்காது. கோபாலனுக்கு நேர்ப்பொருள் கேட்காது. பெரிய மனிதர் என்று பெயர் வாங்கியவரின் தும்மலுக்கும் உரை எழுதும் நம் வழக்கத்தை இது நயமாகக் குத்துகிறது. ஆனால் சூத்திரம் ஒன்றே. மூன்று கதை படித்தவருக்கு நாலாவதில் எங்கே சிரிப்பு வரும் என்பது முன்பே தெரிந்துவிடுகிறது. சாம்புவின் மூக்கும் அவன் மனைவி வேம்புவின் பெருமிதமும்தான் தொடரைத் தாங்கிப் பிடிக்கின்றன.

சினிமாவுக்கு வந்தால், 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழக் காட்சியைத் தவிர்க்க முடியாது. இரண்டு பழத்துக்குக் காசு. ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றைக் கொண்டுவருகிறார் செந்தில். இன்னொன்று எங்கே என்றால் அதுதான் இது என்கிறார். அதில் மரபுத்தொடர் எதுவுமில்லை; ஆனால் மடனின் இலக்கணம் முழுமையாக இருக்கிறது. கவுண்டமணி எத்தனை விதமாகக் கேள்வியை மாற்றிப்போட்டாலும் செந்தில் பிடித்ததை விடுவதில்லை. அடியும் வாங்குகிறார், அதாவது விலை கொடுக்கிறார். காட்சிக்கும் படத்தின் கதைக்கும் ஒட்டில்லை என்பது நியாயமான குறை. வடிவேலு 'கண்ணும் கண்ணும்' (2008) படத்தில் கிணற்றைக் காணோம் என்று போலீசில் புகார் கொடுப்பது இன்னொரு கிளை: காகிதத்தில் இருக்கும் கிணறு தரையிலும் இருந்தாகவேண்டும் என்று சாதிக்கிறார். பரமார்த்த குருவின் ஓலைக்கு இது நேர் வாரிசு.

கிரேஸி மோகனை இப்படி இரண்டு வரியில் கடக்க முடியாது. 1976இல் எஸ்.வி. சேகர் மேடையேற்றிய 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' நாடகத்திலிருந்து 2019இல் மறையும் வரை, தமிழ் மத்தியதர வர்க்கத்தின் காதுக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர். எதிராளி சொன்ன வாக்கியத்தின் கடைசிச் சொல்லை அடுத்தவர் வேறு பொருளில் பிடித்து வீசுவது, அது தரையில் விழுமுன் மூன்றாமவர் பிடிப்பது என்பது அவர் கையாண்ட முறை. வேகத்தில் அவருக்கு இணை கிடையாது. சொல்லின் எல்லாப் பொருளும் ஒரே நேரத்தில் கேட்கும் காது அவருக்கு வாய்த்திருந்தது. ஆபாசத்தின் துணை இல்லாமல், உருவக்கேலியைப் பெரிதும் நம்பாமல், சொல்லை மட்டும் வைத்து இரண்டு மணி நேரம் அரங்கைக் கட்டிப்போட்டார். நம் நகைச்சுவை மேடையின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சாதனை என்பது தெரியும்.

அந்த வேகமே அவர் பலவீனமும். ஒரு சொல் புரண்டதன் விளைவை நாம் உணருமுன் அடுத்த சொல் புரண்டுவிடுகிறது. ஆகவே எந்தப் புரளலுக்கும் விளைவே இருப்பதில்லை. மாமனாரும் மாப்பிள்ளையும் சமையற்காரரும் டாக்டரும் ஒரே காதால் கேட்கிறார்கள், ஒரே வாயால் திருப்பிக் கொடுக்கிறார்கள். எள்ளலா, மடனா என்று கேட்டால் பெரும்பாலும் விடை இல்லை. மேலே சொன்ன சபா நாடகத்தின் சீப்பு வேடிக்கை வானத்திலிருந்து குதித்ததல்ல. மோகனின் வேகத்தைப் பிடிக்க ஓடி, அவருடைய காது வாய்க்காதவர்கள் இடறி விழுந்த இடம் அது. ஆசிரியரை அவருடைய நகலெடுப்பாளர்களுக்காகத் தண்டிப்பது நியாயமல்ல. ஆனால் நகலெடுப்பது அவ்வளவு சுலபமாக இருந்ததற்குக் காரணம், அந்த வரிகள் பாத்திரத்தோடு ஒட்டாமல் தளர்வாகக் கிடந்ததுதான்.

விதிவிலக்காக நிற்பது மோகன் வசனம் எழுதிய 'மைக்கேல் மதன காமராஜன்' (1990). அங்கே மட்டும் உத்தியும் கதையும் ஒன்றாகிவிட்டன. நாலு பேருக்கு ஒரே முகம் என்பது என்ன? பலபொருள் ஒருசொல்லை மனித உடம்பில் எழுதியதுதான். ஒரு சொல்லைக் கேட்டு வேறு பொருள் எடுப்பது போலவே, ஒரு முகத்தைப் பார்த்து வேறு ஆளை எடுத்துக்கொள்கிறார்கள். பேச்சில் நடக்கும் புரளல் நிகழ்ச்சியிலும் நடப்பதால் இந்தப் படத்தில் மோகனின் வேகம் மிகையாகத் தோன்றுவதில்லை. நால்வரில் ஒருவனான காமேஸ்வரனின் பாலக்காட்டுத் தமிழ் அவனுக்கென்று ஒரு காதையும் கொடுத்துவிடுகிறது. கடைசியில் வருகிறதே மலை விளிம்பில் ஊசலாடும் வீடு: சாப்ளினின் 'கோல்டு ரஷ்' படத்துக்கு வணக்கம் சொல்லும் காட்சி என்பது தெரிந்ததே. அதற்கும் மேல், அத்தனை பேருடைய சிக்கலும் தீராமல் இருக்கும் நேரத்தில் அத்தனை பேரும் ஒரே வீட்டுக்குள் அந்தரத்தில் தொங்குகிறார்கள். 'அந்தரத்தில் தொங்குகிறது' என்ற தொடரைத் தமிழ்ப்படம் எதுவும் இவ்வளவு முழுசாகக் கட்டி எழுப்பியதில்லை. இயக்கிய சிங்கீதம் சீனிவாச ராவோ, நடித்த கமலோ, மோகனோ இதைத் திட்டமிட்டார்களா என்பது எனக்கு முக்கியமல்ல. திரையில் இருக்கிறது, தமிழ்க் காதுக்குக் கேட்கிறது.

யாரும் அதிகம் உழாத நிலம் ஒன்றும் உண்டு. நன்னூல் தகுதி வழக்கு என்று மூன்றைச் சொல்லும்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. சொல் ஒன்று, பொருள் வேறு என்பதை ஊரே கூடி ஒப்புக்கொண்ட இடங்கள் இவை. விளக்கை அணைக்கமாட்டோம், மலையேற்றுவோம். 'போகிறேன்' என்று சொல்லமாட்டோம், 'போய்ட்டு வரேன்' என்போம். கடன்காரரிடம் "வாங்க, இருங்க" என்போம். இவற்றை ஒருவன் நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டால் சிரிப்போடு சேர்ந்து நம் பயங்களும் பாசாங்குகளும் வெளியே வரும். "போய்ட்டு வரேன்" என்று வாசலில் சொன்ன சம்பந்தி திரும்பி வரப்போகிறார் என்று நம்பி, இலையை எடுக்காமல் காத்திருக்கும் ஒரு கிழவரை நினைத்துப் பாருங்கள். அவர் வேடிக்கை மனிதரா, தனிமையில் வாடுபவரா? இந்த இரண்டாவது கேள்வியை எழுப்பும் கதை தமிழ் நகைச்சுவையில் எழுதப்படவேண்டும். சினிமா வசனகர்த்தாக்கள் இதற்கு நேரம் ஒதுக்கமாட்டார்கள், சிறுகதைக்காரர்கள் ஒதுக்கலாம்.

மொழிபெயர்ப்பு என்ற உரைகல்லிலும் ஒருமுறை தேய்த்துவிடலாம். பெஸ்கியின் குதிரைக் கதை லத்தீனுக்கும் போயிற்று, ஆங்கிலத்துக்கும் போயிற்று, சேதாரம் சொற்பம். மோகனின் ஒரு பக்கத்தை வேறு மொழியில் எழுதினால் வெறும் கைகலப்பாகத்தான் இருக்கும். இதை வைத்து மோகனைக் குறைத்துப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தன் மொழியை விட்டு வெளியே வரமுடியாத அளவுக்கு அதற்குள் ஊறியிருப்பதும் ஒரு தகுதிதான். காளமேகமும் பயணம் போகமாட்டார். பெஸ்கி பயணம் போவதற்குக் காரணம், அவர் பிடித்தது ஒரு தொடரின் இரட்டைப் பொருளை அல்ல. எந்த மொழியிலும் கட்டளைக்கும் கருத்துக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தை. அந்தப் பள்ளத்தில்தான் குரு கிடக்கிறார்.

வரிக்கு வரி எண்ணினால் மோகன் முன்னால் நிற்பார். அவரோடு போட்டிபோட இன்னும் ஆளில்லை. ஒற்றைத் திருப்பத்தின் சிக்கனத்துக்குத் தெனாலிராமனின் பானை. ஒரு முழுப்படத்தை இந்த உத்தியின்மேல் நிறுத்திக்காட்டியதற்கு மைக்கேல் மதன காமராஜன். சொன்னதைச் சொன்னபடி கேட்டதன் விளைவைக் கடைசிப் படிவரை பின்தொடர்ந்து, நடுவில் யாருக்கும் மன்னிப்பு வழங்காத கதை என்று பார்த்தால் முதலிடம் இன்றும் பரமார்த்த குருவுக்குத்தான். அதை எழுதியவர் முப்பது வயதுக்கு மேல் தமிழ் கற்றுக்கொண்டவர்.